கதவில் 240, கடையில் 32: எந்தக் காற்று சரி?

கேள்வி:

நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன வருடம் பாவித்த வாகன்ஆர் கார் ஒன்று வாங்கினோம், ஜப்பானில் இருந்து வந்தது. எங்கள் வீட்டில் இருந்து காற்றடிக்கும் கடைக்கு 14 கிலோமீற்றர். ஒரு கடையில் 30 போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் 35 என்கிறார்கள். ரயர் விளிம்பில் 44 என்று இருக்கிறது. கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஜப்பான் எழுத்துக் கடதாசியில் 240! போன மாதம் மத்தியானம் போனபோது, "38 நிற்குது, இந்த வெயிலுக்கு வெடிச்சிடும்" என்று சொல்லிக் கடைத் தம்பி 32க்கு இறக்கிவிட்டார். அடுத்த நாள் காலை, அண்ணா கனடாவில் இருந்து அனுப்பிய கேஜை வைத்துப் பார்த்தால் நாலு சில்லிலும் 28. முன் ரயர்கள் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நன்றாக இருக்கின்றன. அறுவடை நேரம் அப்பா பின்னுக்கு மூன்று மூட்டை நெல்லும் ஏற்றுவார். யார் சொல்வதைக் கேட்பது? நைதரசன் அடித்தால் இந்தக் கரைச்சல் தீருமா?

பதில்:

வணக்கம் ரீச்சர். உங்கள் கடிதத்தில் ஏழு இலக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் உங்கள் காருக்கென்று காரைச் செய்தவன் எழுதியது ஒன்றுதான், அந்த 240. மற்ற ஆறில் சில ஊகம், சில வேறொரு விசயத்தைச் சொல்பவை. உங்கள் கேஜ் காட்டிய 28 மட்டும் உண்மை, அதுவும் கொஞ்சம் கவலைக்குரிய உண்மை.

முதலில் 240க்கு வருவோம். அது நாங்கள் கடையில் பேசுகிற பிஎஸ்ஐ இல்லை, கிலோபஸ்கால் என்ற வேறு அமுக்க அலகு. விஞ்ஞானப் பாடம் எடுப்பவர் என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு பிஎஸ்ஐ ஏறத்தாழ 6.9 கிலோபஸ்கால். நான் என் ரயர்க் கடையில் செய்யும் மனக்கணக்கு இதுதான்: 7ஆல் பிரித்து, வருவதோடு அரை கூட்டுவது. 240ஐ 7ஆல் பிரித்தால் 34.3, அரை கூட்டினால் 34.8, அதாவது 35. அதே கணக்கில் 220 என்றால் 32, 250 என்றால் 36, 280 என்றால் 40க்கு மேல். சில கடதாசிகளில் பக்கத்தில் 2.4 என்றும் போட்டிருப்பார்கள். அதுவும் ஏறத்தாழ இதே அளவுதான், குழம்ப வேண்டாம். கடதாசியில் ரயர் அளவும் இருக்கும். உங்கள் ரயரில் இருக்கும் அளவும் அதுவும் ஒன்றா என்று ஒருமுறை பாருங்கோ. முன்பு வைத்திருந்தவர் வேறு அளவு போட்டிருந்தால் இந்த இலக்கம் அப்படியே பொருந்தாது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் வேறு வேறு இலக்கம் இருந்தால் இரண்டையும் ஒரு பேப்பரில் தமிழில் எழுதி, டாஷ்போர்ட் லாச்சிக்குள் ஒட்டிவிடுங்கோ.

ஆகவே 35 என்று சொன்ன கடைக்காரர் சரி. ஆனால் அவர் கதவைத் திறந்து பார்த்துச் சொன்னாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம்தான். எங்கள் தொழிலின் குறையை நானே சொல்கிறேன். கிளிநொச்சியில் கடை தொடங்கிய காலத்தில் நானும் எந்தக் கார் வந்தாலும் 32, எந்த வான் வந்தாலும் 40 என்றுதான் அடித்துவிட்டேன். கதவைத் திறந்து பார்த்த நாள் கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது.

ரயர் விளிம்பில் இருக்கும் 44 உங்கள் காருக்கு எழுதியது இல்லை. ரயர் செய்தவனுக்கு அது எந்த வண்டியில் பூட்டப்படும் என்று தெரியாது. இதற்கு மேல் போகாதே என்ற எல்லையைத்தான் அவன் எழுதியிருக்கிறான். அந்த எல்லைக்கே அடித்துவிட்டு ஓடினால் கார் கல்லுக் கல்லாகத் துள்ளும், நடு மட்டும் தேயும், மழையில் பிரேக் பிடித்தால் பிடிமானமும் குறையும்.

இனி அந்த மத்தியானத்துக்கு வருவோம். எனக்குச் சொல்ல இருப்பதில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

கதவில் எழுதியிருக்கும் இலக்கம் குளிர்ந்த ரயருக்கு உரியது. குளிர்ந்த என்றால் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தது இல்லை. கார் ஓடாமல் 3 மணித்தியாலமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது மெதுவாக ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் ஓடியிருக்க வேண்டும். ஓடத் தொடங்கினால் ரயர் ஒவ்வொரு சுற்றிலும் நசிந்து நிமிரும். அந்த நசிவில் சூடு பிறக்கும், சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியப் பார்க்கும், இடம் இல்லாததால் அமுக்கம் ஏறும். 10 பாகை சூடு கூடினால் ஒன்றரை முதல் 2 பிஎஸ்ஐ வரை ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கோ. 14 கிலோமீற்றர் வெயில் ரோட்டில் ஓடி வந்த காரில் 4, 5 கூடக் காட்டுவது சாதாரணம். நீங்கள் கடைக்குப் போனபோது நின்ற 38 உண்மையில் குளிர்ந்த கணக்கில் 34க்குக் கிட்ட. அதாவது கூடவே இல்லை, ஒரு புள்ளி குறைவு! அந்தத் தம்பி அதிலிருந்து 6ஐ இறக்கினார். அடுத்த நாள் காலை உங்கள் கேஜ் 28 காட்டியது பிழை இல்லை. கணக்கு அப்படியே ஒத்து வருகிறது.

"வெயில் காலம், காத்தைக் குறைச்சு விடுங்கோ" என்பது வன்னி முழுக்க இருக்கும் நம்பிக்கை. சோளகம் வீசத் தொடங்கி மண் கொதிக்கும் மாதங்களில் கடைக்கு வருகிற பத்துப் பேரில் நாலு பேர் இதைச் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: சூட்டில் காற்று விரியும், ஆகவே முதலே குறைத்து வைப்போம். ஆனால் நடப்பது தலைகீழ். காற்றுக் குறைந்த ரயர் கூட நசியும், கூட நசிந்தால் கூடச் சூடு. வெயில் கொடுக்கிற சூட்டை விட ரயர் தானே தனக்குள் உண்டாக்குகிற சூடுதான் ஆபத்து. ஓடும்போது 4, 5 ஏறும் என்பது கார் செய்தவனுக்குத் தெரியும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் 240 என்று எழுதியிருக்கிறான். கடதாசியை நம்பினால் வெயிலையும் மழையையும் நாங்கள் தனியாகக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

இதை நான் படித்தது சொந்தப் பிழையில். 2012 ஆவணியில், மடுத் திருவிழாவுக்குப் போக ஒரு டொல்பின் வான் என் கடைக்கு வந்தது. உச்சி வெயில். முல்லைத்தீவில் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு நேரே வந்திருந்தார்கள். கேஜை வைத்தால் எல்லாச் சில்லிலும் அளவுக்கு மேல். நான் பெரிய உபகாரம் செய்கிற மாதிரி நாலிலும் காற்றை இறக்கி அனுப்பினேன். காசும் வாங்கவில்லை, மாதாவிடம் போகிறவர்கள் என்று. இரண்டு நாள் கழித்து அவர்கள் திரும்பி வரும்போது புளியங்குளத்துக்குக் கிட்டப் பின் ரயர் ஒன்று வெடித்தது. ஓட்டியவர் அனுபவசாலி. பிரேக்கை மிதிக்காமல் ஸ்ரேறிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் குறைய விட்டு ஓரங்கட்டினார். யாருக்கும் ஒன்றும் இல்லை. ரயரை என்னிடமே கொண்டுவந்தார்கள். ஆணி இல்லை, முள் இல்லை. பக்கச் சுவர் மட்டும் வட்டமாக, கத்தியால் வெட்டினது போலப் பிரிந்து கிடந்தது. சரி, மற்றச் சில்லுகளையும் பார்ப்போம் என்று கழற்றினேன். இரண்டு ரயருக்குள் கையை விட்டால் கறுப்பாக ஒரு தூள், மிளகாய்த்தூளை விட நுணுக்கமாக. அது ரயரின் உட்சுவர் நசிந்து நசிந்து தன்னைத்தானே அரைத்துக் கொட்டிய தூள். அந்தத் தூள் கண்ட ரயரை எந்த ஒட்டும் காப்பாற்றாது, எறிய வேண்டியதுதான். அன்று நான் வான்காரரிடம் உண்மையைச் சொன்னேன். ரயர்களுக்கு என் பக்கக் காசும் கொடுத்தேன். அதற்குப் பிறகு சூடான ரயரில் இருந்து நான் காற்று இறக்கியதே இல்லை.

உங்கள் ரயருக்குள்ளும் தூள் இருக்குமா என்றால், ஒரு மாதம் 28இல் ஓடியதற்கு அநேகமாக இருக்காது. ஆனால் இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கின்றன என்கிறீர்கள். அது ஒரு மாதக் கதை இல்லை. கன காலம் குறைந்த காற்றில் ஓடிய கார். முன்பு வைத்திருந்தவரும் 'முப்பது போதும்' ஆளாக இருக்கலாம். காற்றுக் குறைந்தால் ரயரின் நடு உள்வாங்கி இரண்டு ஓரத்தில் பாரம் நிற்கும், அதனால் ஓரம் தேயும். கூடினால் நடு புடைத்து நடுத் தேயும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அது காற்றுப் பிரச்சினை இல்லை, வீல் அலைன்மென்ற். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் சொக் அப்சோபரைப் பாருங்கோ. ரயர் வாய் திறந்து பேசாது, ஆனால் நடந்ததை எல்லாம் உடம்பில் எழுதி வைத்திருக்கும். ஒருமுறை கராச்சில் அலைன்மென்ற் பார்க்கப் போகும்போது நாலையும் கழற்றி உட்பக்கம் பார்க்கச் சொல்லுங்கோ. வெட்கப்பட வேண்டாம், காசு கொடுக்கிறவர் நீங்கள்.

சரி, 14 கிலோமீற்றர் பிரச்சினை. புத்தகத்தில் எழுதுகிறவர்கள் 'குளிர்ந்த ரயரில் காற்றடிக்கவும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கொழும்பில் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் பெற்றோல் செட் தெரியும், அங்கே அது சரி. முத்தையன்கட்டிலும் நெடுங்கேணியிலும் இருக்கிறவர் எங்கே போவது? கடைக்குப் போய்ச் சேரும்போதே ரயர் சூடு. அங்கே 3 மணித்தியாலம் நின்று குளிர வைத்துவிட்டுக் காற்றடிக்க யாருக்கு நேரம்?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் கார் வெளிக்கிட முன்னம், வீட்டில் நின்ற இடத்திலேயே நாலு சில்லையும் உங்கள் கேஜால் அளந்து எழுதுங்கோ. உங்களுடையது 28. வேண்டியது 35. குறைவு 7. இந்த 7தான் உங்களுக்குத் தேவையான இலக்கம், வேறொன்றும் வேண்டாம். கடைக்குப் போனதும் அதே கேஜால் திரும்ப அளவுங்கோ. சூட்டில் 32 காட்டுகிறது என்று வைப்போம். 32ஓடு 7ஐக் கூட்டி 39க்கு அடிக்கச் சொல்லுங்கோ. வீட்டுக்கு வந்து அடுத்த நாள் காலை பார்த்தால் 35க்குக் கிட்ட நிற்கும். கூடக்குறைய ஒரு புள்ளி வந்தால் பரவாயில்லை. கூட வந்திருந்தால் அந்தக் காலைக் குளிரிலேயே நீங்களே இறக்கலாம், இறக்க மெசின் தேவையில்லை. அதனால் கடையில் கொஞ்சம் கூட அடித்துக்கொண்டு வருவது குறைவாக அடித்து வருவதை விட நல்லது.

39 என்றதும் கடைத் தம்பி முகத்தைப் பார்ப்பார். "ரீச்சர், இந்தச் சின்னக் காருக்கு 39ஆ?" என்பார். காலையில் எழுதிய துண்டைக் காட்டுங்கோ.

இந்தக் கணக்கு சரிவர ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு தடவையும் ஒரே கேஜாக இருக்க வேண்டும். கடைக் கொம்பிரசரில் தொங்குகிற கேஜ் நாளுக்கு எத்தனை தரம் நிலத்தில் விழுகிறது என்று எனக்குத் தெரியும். என் கடையிலேயே இரண்டை வைத்து ஒப்பிட்டபோது 3 புள்ளி வித்தியாசம் வந்தது. உங்கள் கேஜ் ஒரு புள்ளி பொய் சொன்னாலும் காலையிலும் கடையிலும் அதே பொய்யைத்தான் சொல்லும், ஆகவே அந்த 7 மாறாது. அண்ணா அனுப்பியது நல்ல காரியம். அதைக் காரின் டாஷ்போர்டில் வெயிலுக்குள் போட்டு வைக்காமல் ஒரு துணிக்குள் சுற்றி லாச்சிக்குள் வையுங்கோ.

அளக்கும்போது காரை நிழலில் விட்டு அளவுங்கோ. கிழக்கு வெயில் ஒரு பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்து இரண்டு சில்லும் மற்றப் பக்கத்தை விட இரண்டு புள்ளி கூடக் காட்டலாம். அதை நம்பி இறக்கினால் பின்னேரம் ஒரு பக்கம் குறைவு. வேப்பமரத்துக்குக் கீழே, விடிய ஆறரை மணிக்கு, தேத்தண்ணி குடிக்க முன்னம். நாலு சில்லுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம். வால்வில் கேஜை நேராக, ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். சரிந்து பிடித்தால் உஸ் என்று காற்றுப் போகும், இலக்கமும் குறைவாகக் காட்டும்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதா என்று அப்பா கேட்பார், கேட்டிருப்பார். முந்தின ரயர்களில் ஓரளவு முடிந்தது. லொறிக்காரர் இப்போதும் இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தத்தைக் கேட்பார்கள், இரட்டைச் சில்லில் உட்சில்லு இருக்கிறதா இறங்கிவிட்டதா என்று அறிய அது உதவும். உழவு இயந்திரத்தின் பெரிய சில்லு வேறு சாதி, அது குறைந்த காற்றிலேயே வயலில் வேலை செய்ய வேண்டியது. பாரத்துக்காகச் சிலர் உள்ளே தண்ணீரும் விடுவார்கள். ஆனால் இன்றைய ரேடியல் கார் ரயர் சரியான காற்றிலும் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். 35இல் நிற்பதையும் 28இல் நிற்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது. காலால் உதைத்துப் பார்ப்பது செருப்புக்குத்தான் கேடு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஒரு குறையும் இல்லாத ரயரே மாதம் 1 முதல் 2 பிஎஸ்ஐ வரை இழக்கும். ரப்பர் ஊடாகவே காற்றுக் கசியும், அது இயற்கை. ஆகவே மாதம் ஒருமுறை, அதோடு கொழும்புப் பக்கம் போகிற மாதிரி நீண்ட ஓட்டத்துக்கு முதல் நாள் காலை. உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: இடாப்பு எழுதிப் பழகிய கை. ஒரு கொப்பியில் நாலு சில்லுக்கும் நாலு நிரல் போட்டு மாதாமாதம் குறியுங்கோ. நாலும் ஒன்றாக ஒன்று, இரண்டு குறைந்தால் பயம் இல்லை. ஒன்று மட்டும் தனியாக 5, 6 குறைந்தால் அந்தப் பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை, கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

விசாரிப்பது எப்படி என்றால், முதலில் வால்வு. மூடியைக் கழற்றி ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணீர் விடுங்கோ, குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ஊசியை மாற்ற வேண்டும். சின்னச் செலவு. எங்கள் பக்கத்துக் கிரவல் ரோட்டுச் செம்புழுதி வால்வுக்குள் போய் ஊசியை இறுக்கிப் பூட்ட விடாது, ஆகவே மூடி இல்லாமல் ஒரு நாளும் ஓட வேண்டாம். வால்வு அடி ரப்பரை மடக்கிப் பாருங்கோ, வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கோ. புது ரயர் போடும்போது புது வால்வும் போடச் சொல்லுங்கோ, கடைக்காரர் மறந்துவிடுவார்.

வால்வு நல்லதென்றால் ஆணி. ரியூப் இல்லாத ரயரில் ஆணி ஏறினால் காற்று உடனே போகாது. ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும், நாளுக்கு இரண்டு மூன்று புள்ளியாகக் கசியும். 2010, 2011இல், யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பி வந்து தகரக் கொட்டில்கள் போட்ட காலத்தில் நான் பிடுங்கிய ஆணிகளை ஒரு பால்மா ரின்னில் சேர்த்து வைத்திருந்தேன். வட்டத் தலை வைத்த தகர ஆணிதான் அதில் பாதிக்கு மேல். முள்ளுக்கம்பித் துண்டு, வெற்றுக் கோது, என்னவென்று சொல்லத் தெரியாத இரும்புச் சில்லறை எல்லாம் மிச்சம். இப்போது அவை குறைந்துவிட்டன, உடைமுள்ளும் வேலிக் கம்பியும்தான் வருகின்றன. நடுப் பகுதியில் ஏறிய ஆணியை ஒட்டலாம். பக்கச் சுவரில் ஏறியதை யார் ஒட்டித் தருகிறேன் என்றாலும் விடாதீர்கள்.

பழைய ஆட்களுக்கு இந்தக் கண்டிப்புச் சிரிப்பாக இருக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ரயரும் ரியூப்பும் கண்ணில் காணக் கிடைக்காது. சைக்கிள் ரயர் பிய்ந்த இடத்தில் பழைய ரயர்த் துண்டைக் கெற்றிஸ் என்று உள்ளே வைத்து, ஒட்டுக்கு மேல் ஒட்டாக ஓடியவர்கள் நாங்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் காலத்தில் ரயர் காற்றோடு நின்றாலே பெரிய காரியம், எத்தனை பிஎஸ்ஐ என்று யார் பார்த்தது? அன்றைக்கு அது கெட்டித்தனம். ஆனால் அன்று ரோட்டில் குழிக்குக் குழி இருபதில் ஊர்ந்தோம். இன்று ஏ9 காப்பெற் ரோட்டில் எழுபதைத் தாண்டிப் போகிறோம். அதே கையை வைத்துக்கொண்டு இந்த வேகத்தில் ஓட முடியாது.

இனி அப்பாவின் நெல்லு. இதில் நான் கொஞ்சம் கறாராக இருக்கப் போகிறேன், அப்பா கோபிக்கக் கூடாது. உங்களுடையது ஜப்பானின் சின்னக் கார் வகை, நாலு பேருக்குச் செய்தது. அங்கே ஒரு ஆளுக்கு 55 கிலோ என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாலு பேர், 220 கிலோ. ஒரு மூட்டை நெல் 65 கிலோ என்றாலும் மூன்று மூட்டை 195. ஓட்டுகிற அப்பா 65 என்றால் 260 ஆகிவிட்டது, நீங்களும் ஏறினால் 300க்கு மேல். அதுவும் பாரம் முழுவதும் பின் சில்லில். மேல் எல்லை 44 இருக்கிறதுதானே, பின்னுக்குக் கூட அடித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கூட அடித்தால் ரயர் ஒருவேளை தாங்கும், ஆனால் ஸ்பிரிங்கும் பெயாரிங்கும் பிரேக்கும் காற்றடித்தால் பலப்படாது. இரண்டு மூட்டையும் அப்பாவும், அவ்வளவோடு நிற்கட்டும். பின் சில்லு இரண்டிலும் வழமையை விட இரண்டு புள்ளி கூட வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது மூட்டைக்குப் பக்கத்து வீட்டுப் பட்டாச் சின்ன லொறியோ லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமோ பெட்டியோடு போகும்போது சொல்லி விடுங்கோ.

கிரவல் ரோட்டில் துள்ளாமல் இருக்கக் காற்றைக் குறைப்பதும் வேண்டாம். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் பிக்கப்காரர் இறக்கி ஓடுவது வேறு, அவர்கள் மணலை விட்டு ஏறியதும் திரும்ப அடிப்பார்கள். உங்கள் ரயர் மெல்லியது. காற்றில்லாமல் கல்லில் ஏறினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் பக்கச் சுவர் நசிந்து உள்நூல் அறும். வெளியே பார்த்தால் முட்டை மாதிரி ஒரு புடைப்பு. அந்தப் புடைப்போடு ஓடக் கூடாது. துள்ளினால் வேகத்தைக் குறையுங்கோ.

நைதரசன் கேட்டிருந்தீர்கள். கெடுதல் இல்லை. ஆனால் நாங்கள் சும்மா அடிக்கிற காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான். அதற்குத் தனியாகக் காசு கொடுத்து, பிறகு மாதாமாதம் அதற்காகவே வவுனியா வரை ஓடுவது என்றால், மிச்சம் பிடித்த காற்றை விடப் போன பெற்றோல் கூட. நைதரசன் அடித்த ரயரிலும் குறைகிற காற்றுக் குறையத்தான் செய்யும், அளக்கத்தான் வேண்டும். இரண்டையும் கலந்தாலும் ஒன்றும் ஆகாது.

பெற்றோல் மிச்சமாகுமா என்றும் பலர் கேட்பார்கள். 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டிக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று வாங்கிய நேரத்தில், அதுவரை காற்றைப் பற்றி வாயே திறக்காதவர்கள் எல்லாம் என் கடைக்கு வந்து நின்றார்கள். மிச்சமாகும், ஆனால் கொஞ்சம்தான். உங்கள் 7 புள்ளிக் குறைவுக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை வீதம் என்று வையுங்கோ. உண்மையான மிச்சம் ரயரில். இன்றைய ரயர் விலையில் அது பெற்றோலை விடப் பெரிது.

முன் ரயர்களை எப்போது மாற்றுவது? ரயரின் வாய்க்கால்களுக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும். தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர், அதோடு முடிந்தது. உங்களுடையவை ஓரம் தேய்ந்தவை, ஆகவே நடுவைப் பார்த்து ஏமாறாமல் ஓரத்து மேட்டைப் பாருங்கோ. ஓரம் சமமாகிவிட்டால் மாரி தொடங்க முன்னம் மாற்றுங்கோ. கார்த்திகை மழையில் ரோட்டில் நிற்கும் தண்ணீரை வெட்டி வழிவிடுவது அந்த வாய்க்கால்தான். காற்றும் குறைந்து வாய்க்காலும் இல்லையென்றால் ரயர் தண்ணீரில் மிதக்கும், ஸ்ரேறிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகும். வாங்கும்போது ரயர்ப் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கோ. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பழைய சரக்கை விலை குறைத்துத் தருகிறோம் என்பார்கள். அளவுக்குப் பக்கத்தில் 75 மாதிரி ஒரு இலக்கமும் இருக்கும், அது பாரக் குறியீடு. 75 என்றால் ஒரு ரயர் 387 கிலோ தாங்கும். இப்போது இருப்பதை விடக் குறைந்த குறியீட்டில் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இதை முதலிலேயே எழுதியிருந்தால் நீங்கள் மிச்சத்தைப் படித்திருக்க மாட்டீர்கள் என்று பின்னுக்கு வைத்தேன். ஜப்பானில் இருந்து வந்த இந்த வகைக் கார்கள் பலவற்றில் ஸ்பெயார் சில்லு கிடையாது. அதற்குப் பதிலாகப் பின் கதவுக்குள், சாமான் வைக்கும் தட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பை இருக்கும். அதற்குள் பசை மாதிரி ஒரு போத்தலும் கையளவு கொம்பிரசரும். போத்தல் பஞ்சருக்கு, அதற்குக் காலாவதித் திகதி உண்டு, உங்களுடையது அநேகமாக எப்போதோ முடிந்திருக்கும். அதைத் தொடாதீர்கள். ஆனால் பல கார்களில் அந்தக் கொம்பிரசரின் குழாயைப் போத்தல் இல்லாமல் நேரே வால்வில் பூட்டி, வயரைச் சிகரெட் லைற்றர் ஓட்டையில் செருகிக் காற்று மட்டும் அடிக்கலாம். எஞ்சினை ஓட விட்டு, வெளியான இடத்தில் நிறுத்தி அடியுங்கோ. மெதுவாகத்தான் ஏறும், சத்தமும் போடும், தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஓட விட வேண்டாம், கொதித்துவிடும். 28இல் இருந்து 35க்கு நாலு சில்லையும் கொண்டுவர நடுவில் ஆற விட்டு ஆற விட்டு அரை மணித்தியாலம் போகலாம். அதைச் செய்தால் மேலே எழுதிய 39 கணக்கும் தேவையில்லை, வேப்பமரத்துக்குக் கீழேயே 35.

பை இல்லையென்றால், காரை விற்றவரிடம் கேளுங்கோ. அவருடைய வீட்டில் எங்கேயாவது தூசி பிடித்துக் கிடக்கும்.